ராகுல் சாங்கிருத்யாயன்: திட்டமிட்டு ஊர் சுற்றியவர்

சென்ற ஆண்டு பருவ விடுமுறைக்கு நாங்கள் நான்கு பேர் லடாக் போவதாக இருந்தோம். நால்வரும் கெடாக்காரர்கள். இருவர் சுங்கை பட்டாணி, ஒருவர் கூலிம், நான் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். மூன்று வாரங்களில் எல்லாத் திட்டத்தையும் போட்டு முடித்துவிட்டோம். கைப்பேசியில் கண்ட ஒரு முகவரிடம் ஆளுக்கு 400 வெள்ளி முன்பணமும் கட்டினோம். அதன் பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

என் அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். அந்த 400 வெள்ளியில் பாதி அவர் கொடுத்தது. அவர் என்னைத் திட்டவில்லை. அங்கே குளிர் எத்தனை பாகை, யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வதாக இருந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எங்களில் ஒருவருக்கு ஆஸ்துமா உண்டு. லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதைக்கூட நாங்கள் யாரும் பார்த்து வைத்திருக்கவில்லை.

அந்த விடுமுறையை வீட்டில்தான் கழித்தேன். அப்போது தாத்தாவின் அலமாரியில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. தாத்தா இளைஞராக இருந்தபோது தோட்டத்து மணிமன்றத்தில் இருந்தவர். அந்தக் காலத்தில் கைக்குக் கை மாறிப் படித்த நூல்களில் ஒன்று அது. கண. முத்தையா தமிழில் தந்த 'வால்காவிலிருந்து கங்கை வரை'. அதை எழுதியவர் ராகுல் சாங்கிருத்யாயன். யார் இவர் என்று தேடத் தொடங்கினேன். எங்களுக்குத் தெரியாமல் போனது இவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் கையில் பணம் இருந்ததில்லை, பட்டம் இருந்ததில்லை. ஆனால், வெளியார் நுழைய முடியாத திபெத்துக்கு அவர் நான்கு முறை போய் வந்தார்.

ஓடிப்போன சிறுவன்

ராகுலின் இயற்பெயர் கேதார்நாத் பாண்டே. 1893 ஏப்ரல் 9-ஆம் நாள், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்தில் பந்தஹா என்ற சிற்றூரில், தாய்வழித் தாத்தாவின் வீட்டில் பிறந்தார். தாத்தா பட்டாளத்தில் இருந்தவர். தென்னிந்தியாவில் தாம் பார்த்த ஊர்களையும் காடுகளையும் பேரனுக்குக் கதையாகச் சொல்வார். பள்ளிப் பாடநூலில் உலகைச் சுற்றிப் பார்க்கத் தூண்டும் ஓர் உருதுக் கவிதையும் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்து சிறுவனின் மனத்தைக் கெடுத்துவிட்டன என்று வீட்டார் நினைத்திருக்கக்கூடும்.

சிறு வயதிலேயே அவருக்குத் திருமணம் செய்து வைத்தார்கள். அவருடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அந்தத் திருமணத்தை அவர் ஒருபோதும் ஏற்கவில்லை. பதின்ம வயதில் வீட்டை விட்டுக் கல்கத்தாவுக்கு ஓடினார். திரும்பி வந்தார், மீண்டும் ஓடினார். காசியில் சமஸ்கிருதம் படித்தார். பீகாரில் ஒரு வைணவ மடத்தில் சேர்ந்து, ராமுதார் தாஸ் என்ற பெயரில் சாதுவானார்.

தமிழ் மாணவர்களுக்கு ஓர் இனிய செய்தி: 1913 வாக்கில் அவர் தென்னிந்தியாவுக்கு வந்து, சென்னைக்கு அருகிலுள்ள திருமழிசையில் வைணவ மடம் ஒன்றில் தங்கிப் படித்தார். அங்கே தமிழும் கற்றார். போகும் ஊரின் மொழியைக் கற்காமல் அந்த ஊரைப் பார்த்ததாகாது என்ற பழக்கம் அப்போதே அவரிடம் வேரூன்றிவிட்டது.

பிறகு ஆரிய சமாஜத்தில் சேர்ந்தார். ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கினார். சிறைக்குப் போனார். சிறையிலும் அவர் படிப்பு நிற்கவில்லை. 1926-இல் லடாக் வழியாக ஒரு நீண்ட மலைப்பயணம் செய்தார். உயரமான இடத்தில் உடம்பு எப்படி இருக்கும், அங்குள்ளவர்கள் எப்படி உடுத்துகிறார்கள், என்ன உண்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அங்கே தெரிந்தது. பின்னாளில் அந்த அறிவு அவருக்குக் கைகொடுத்தது.

ஏன் திபெத்?

1927-இல் ராகுல் இலங்கைக்குப் போனார். கொழும்புக்கு அருகில் களனியில் உள்ள வித்தியாலங்கார பிரிவேனா என்ற பௌத்தக் கல்விக்கூடத்தில் சமஸ்கிருதம் கற்பித்தார். பதிலுக்குப் பாலி மொழியும் பௌத்த நூல்களும் கற்றார். படிக்கப் படிக்க ஒரு பெரிய இடைவெளி அவர் கண்ணில் பட்டது.

ஒரு காலத்தில் நாளந்தா, விக்கிரமசீலா ஆகிய பெரும் கல்விக்கூடங்களில் ஆயிரக்கணக்கான பௌத்த நூல்கள் எழுதப்பட்டன. தருக்கம், மெய்யியல், மருத்துவம், இலக்கணம் எல்லாம் அவற்றில் இருந்தன. காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்று மரபு கூறும் திக்நாகர், அவர் வழியில் வந்த தர்மகீர்த்தி போன்ற தருக்க அறிஞர்களின் நூல்களும் அவற்றில் அடங்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அந்தக் கல்விக்கூடங்கள் அழிந்தன. நூல்களும் இந்தியாவில் இல்லாமல் போயின. ஆனால், அதற்கு முன்பே இந்திய அறிஞர்கள் பலர் திபெத்துக்குச் சென்றிருந்தார்கள். அவர்கள் கொண்டு போன ஓலைச்சுவடிகள் அந்தக் குளிர்ந்த, வறண்ட காற்றில் கெடாமல் எங்காவது இருக்கலாம். திபெத்திய மொழிபெயர்ப்புகளாவது நிச்சயம் இருக்கும்.

இந்த இடத்தில் நம் கெடாவையும் நினைத்துக்கொள்ளலாம். ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி இ-சிங் நாளந்தாவுக்குப் படிக்கப் போகும் வழியில் கெடாவில் தங்கிச் சென்றார். பூஜாங் பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் தெரியும் ஜெராய் மலை, அந்தக் காலக் கப்பல்களுக்கு வழிகாட்டும் அடையாளம். ராகுல் தேடிப் போன அறிவின் பாதையில் நம் கடாரமும் ஒரு தங்குமிடமாக இருந்திருக்கிறது.

ஆக, ராகுலுக்குத் திபெத் ஒரு சுற்றுலாத்தலம் அல்ல. எதற்காகப் போகிறோம் என்பதில் அவருக்குத் துளியும் குழப்பம் இருக்கவில்லை. எங்கள் நால்வரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், படம் எடுக்க என்றுதான் சொல்லியிருப்போம்.

நான்கு தடைகள், நான்கு விடைகள்

அந்தப் பயணத்தின் முன்னால் நான்கு தடைகள் இருந்தன. ராகுல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து விடை தேடினார். அவர் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

முதல் தடை, அனுமதி. அக்காலத்தில் இந்தியர்கள் திபெத்துக்குள் சுதந்திரமாகப் போக முடியாது. இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயருக்கு உளவு பார்ப்பவர்களோ என்ற ஐயம் திபெத்தில் இருந்தது. சிறைக்குப் போய் வந்த ராகுலுக்கு ஆங்கிலேய அரசும் அனுமதி தரப் போவதில்லை. எனவே நேபாளத்தின் வழியே போக முடிவு செய்தார். நேபாளத்துக்குள்ளும் வெளியார் நினைத்தபடி நுழைய முடியாது. ஆனால், மகா சிவராத்திரிக்குக் காட்மாண்டு பசுபதிநாதர் கோயிலுக்கு வரும் இந்திய பக்தர்களுக்கு மட்டும் வழி திறக்கும். 1928 டிசம்பரில் இலங்கையிலிருந்து புறப்பட்டவர், 1929 சிவராத்திரி வரை பொறுமையாக இந்தியாவில் பௌத்தத் தலங்களைச் சுற்றினார். திருவிழாக் கூட்டத்தோடு கூட்டமாகக் காட்மாண்டு சேர்ந்தார்.

இரண்டாவது தடை, மொழி. இலங்கையில் இருந்தபோதே நூல்களைக் கொண்டு திபெத்திய மொழியைத் தானாகப் படிக்கத் தொடங்கிவிட்டார். ஆனால், புத்தகத்தில் படித்த மொழி தெருவில் பேச உதவாது. காட்மாண்டுவில் ஒரு லாமாவின் கூட்டத்தாரோடு பழகி, மலைக்கிராமத்தில் அவருடைய சீடர்களோடு வாரக்கணக்கில் தங்கி, பேச்சு மொழியைப் பழகிக்கொண்டார்.

மூன்றாவது தடை, அடையாளம். அவர் பேச்சில் இந்தியச் சாயல் இருக்கும். அதை மறைக்க முடியாது. ஆகவே இமயமலையின் இந்தியப் பகுதியில், திபெத்திய எல்லையை ஒட்டிய கின்னௌர் பகுதியைச் சேர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டார். அங்குள்ள மக்களில் பலர் பௌத்தர்கள். அவர்களுக்கும் திபெத்தியம் கொஞ்சம் வேறு மாதிரிதான் வரும். முன்பு செய்த மலைப்பயணத்தால் அந்தப் பகுதியைப் பற்றி யாராவது கேட்டாலும் அவரால் பதில் சொல்ல முடிந்தது.

நான்காவது தடை, பணம். அதற்கு அவர் கண்ட விடை எளிது. பணம் இருப்பவனைப் போலத் தோன்றக்கூடாது. பிச்சை எடுத்துச் செல்லும் ஏழை யாத்திரிகராகவே அவர் புறப்பட்டார்.

ஐயாயிரம் மீட்டர் உயரத்தில்

காட்மாண்டு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து எல்லைப்புற ஊரான நியாலம் வழியாக ராகுல் நடந்தே மேலேறினார். வழித்துணையாக ஒரு மங்கோலியத் துறவி கிடைத்தார். அவரை ராகுல் சுமதி என்று அழைத்தார். வழியில் உள்ள ஊர்களில் எல்லாம் சுமதிக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். புத்தகயையிலிருந்து கொண்டுவந்த துணியில் மந்திரக் கயிறு முடிந்து அவர்களுக்குக் கொடுப்பார். துணி தீர்ந்தால் கிடைத்த துணியைக் கிழித்து முடிவார்! அவருடைய அறிமுகத்தால் பிச்சைக்காரக் கோலத்தில் இருந்த ராகுலுக்கும் நல்ல தங்குமிடம் கிடைத்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அதே வழியில், நல்ல உடையில், குதிரை மேல் வந்தபோது அதே ஊரில் தங்க நல்ல இடம் கிடைக்கவில்லை. பணத்தை விடத் தெரிந்த முகம் பெரிது என்பதை அந்த வழி அவருக்குக் காட்டியது.

வழியில் பாழடைந்த ஒரு பழைய சீனக் கோட்டை வந்தது. அங்கே வழிச்சீட்டைக் கேட்டு ஓர் ஆள் வந்தார். மாறுவேடத்தில் இருந்தாலும், ராகுலும் சுமதியும் சீட்டுகளைத் தயாராக வைத்திருந்தார்கள், கொடுத்துவிட்டுக் கடந்தார்கள்.

அடுத்து தோங்லா கணவாய். 5,000 மீட்டருக்கும் மேலான உயரம். மைல் கணக்கில் இருபுறமும் ஊரே கிடையாது. கொள்ளையர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அக்காலத் திபெத்தில் துப்பாக்கிக்குச் சட்டம் ஏதுமில்லை. முதலில் ஆளைக் கொன்றுவிட்டுத்தான் மடியில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்ற பயம் வழிப்போக்கர்களுக்கு இருந்தது. ராகுலுக்கும் சுமதிக்கும் அந்தப் பயம் குறைவு. ஐயப்படும்படி யாராவது எதிரே வந்தால் தொப்பியைக் கழற்றி, நாக்கை நீட்டி, காசு கேட்டுக் கையேந்துவார்கள். பிச்சைக்காரனைக் கொன்று யாருக்கு என்ன லாபம்?

கணவாயின் உச்சியில் கற்குவியலும் விலங்குக் கொம்புகளும் வண்ணக் கொடிகளுமாக மலைத் தேவதையின் இடம் இருந்தது. அங்கிருந்து இறங்கும்போது ராகுலின் குதிரை மிகவும் மெதுவாக நடந்தது. அதை அடித்து ஓட்ட அவருக்கு மனம் வரவில்லை. மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் திரும்பி ஒரு மைலுக்கு மேல் போன பிறகுதான், ஒரு வீட்டில் விசாரித்து, வழி தவறியது தெரிந்தது. திரும்பி வந்து ஊர் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. சுமதி கோபத்தில் சிவந்து போயிருந்தார். ராகுலுக்காக மூன்று முறை தேநீரைச் சூடாக்கி, இரண்டு கூடை வறட்டியை எரித்துத் தீர்த்திருந்தார். கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது என்பது வேறு கதை. உயரமான, ஆளில்லாத இடத்தில் கூட்டத்தை விட்டுப் பிரிவது எவ்வளவு ஆபத்து என்று இன்றும் மலையேற்ற வழிகாட்டிகள் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுதான்.

அடுத்து திங்ரி சமவெளி. அங்கே சுமை தூக்க ஆள் கிடைக்கவில்லை. தம் மூட்டையைத் தாமே முதுகில் கட்டிக்கொண்டு ராகுல் நடந்தார். சூரியனை நோக்கி நடக்கையில் நெற்றி வெயிலில் எரிந்தது. நிழல் பட்ட முதுகோ பனியாய் உறைந்தது. இதற்கு அறிவியல் காரணம் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. மெல்லிய காற்று வெயிலைத் தடுப்பதும் குறைவு, வெப்பத்தைப் பிடித்து வைப்பதும் குறைவு. 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதியைச் சற்றே தாண்டும். ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குத்தான்.

ராகுலின் உடம்பு அதைத் தாங்கியதற்கு, அவர் மெதுவாக ஏறியது ஒரு பெரிய காரணம். காட்மாண்டுவிலும் மலைக்கிராமத்திலும் தங்கிய வாரங்கள், நடந்தே கடந்த நாட்கள் எல்லாம் அவர் இரத்தத்தை உயரத்துக்குப் பழக்கின. இன்று மருத்துவர்கள் சொல்லும் விதியும் அதுவே. 3,000 மீட்டரைத் தாண்டிய பின், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை ஓய்வு வேண்டும். தலைவலியும் வாந்தியும் வந்தால் ஏறக்கூடாது. கூடினால் இறங்கிவிட வேண்டும். நாங்களோ டில்லியிலிருந்து ஒன்றரை மணி நேர விமானத்தில் 3,500 மீட்டரில் இறங்கி, மறுநாளே அதைவிட உயரமான கணவாய்க்குப் போவதாகத் திட்டம் வைத்திருந்தோம்.

சேகர் என்ற இடத்து மடத்தில் ராகுலுக்கு ஒரு விருந்து காத்திருந்தது. உண்ணும் விருந்து அல்ல. கையால் எழுதிய 103 பெரிய தொகுதிகளாகப் புத்தரின் போதனைகள் அங்கே இருந்தன. சுமதி தம் ஆட்களைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போக அனுமதி கேட்டபோது, அதுவரை மறுத்து வந்த ராகுல் உடனே சம்மதித்துவிட்டார். அவர் நூல்களுக்குள் மூழ்கியிருந்தார்.

வெற்றியா, தோல்வியா?

1929 ஜூலை 19-ஆம் நாள் ராகுல் லாசாவை அடைந்தார். நேபாள வணிகர் தர்மமான் சாஹுவின் இல்லம் அவருக்குப் புகலிடமானது. ஆனால், திட்டப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த ஆண்டு நேபாளத்துக்கும் திபெத்துக்கும் இடையே போர் மூளும் நிலை வந்தது. லாசாவிலிருந்த நேபாள வணிகர்கள் அச்சத்தில் நாட்களைக் கழித்தார்கள். கையிலிருந்த பணம் கரைந்தது. இலங்கை நண்பர்கள் நூல்கள் வாங்கப் பணம் அனுப்பிய பிறகுதான் அவரால் மூச்சுவிட முடிந்தது.

1930-இல் அவர் திரும்பியபோது, கோவேறு கழுதைகளின் முதுகில் திபெத்திய நூல்களும் துணி ஓவியங்களும் வந்தன. அவற்றை அவர் விற்கவில்லை. ஓவியங்கள் பாட்னா அருங்காட்சியகத்துக்குப் போயின. எனினும், அவர் முக்கியமாகத் தேடிப் போன சமஸ்கிருத மூலச் சுவடிகள் பெரும்பாலும் கைக்கு வரவில்லை.

இலங்கை சென்று துறவியாகி, ராகுல் என்ற பெயரை ஏற்றார். சாங்கிருத்யாயன் என்பது அவருடைய கோத்திரப் பெயரிலிருந்து வந்தது. பிறகு 1934, 1936, 1938 என மேலும் மூன்று முறை திபெத்துக்குப் போனார். முதல் பயணத்தில் கற்ற மொழி, சேர்த்த நண்பர்கள், அறிந்த பாதைகள் எல்லாம் இப்போது பலன் தந்தன. ஷாலு, ஙோர், சாக்யா ஆகிய மடங்களின் தூசி படிந்த அறைகளில், பல நூற்றாண்டுகள் யாரும் தொடாத ஓலைச்சுவடிகளை அவர் கண்டார். தர்மகீர்த்தியின் 'பிரமாணவார்த்திகம்', அசங்கரின் 'யோகாசாரபூமி' போன்ற, இந்தியாவில் தொலைந்துபோன நூல்களின் மூலங்கள் மீண்டும் உலகுக்குக் கிடைத்தன. சிலவற்றைப் புகைப்படம் எடுத்தார். சிலவற்றை உட்கார்ந்து கையால் படி எடுத்தார். முதல் பயணத்தின் குறையை மட்டும் பார்த்து அவர் நின்றிருந்தால் இவை எப்போது வெளிவந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பயணத்தின் விலை

ராகுலின் வாழ்க்கையை வெறும் வீரக்கதையாகச் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. ஐம்பது வயது வரை ஆசம்கர் மாவட்டத்தில் காலடி வைப்பதில்லை என்று அவர் உறுதி எடுத்திருந்தார். 1943-இல்தான் சொந்த ஊருக்குப் போனார். சிறுவயதில் கட்டிவைக்கப்பட்ட அந்த மனைவி அத்தனை ஆண்டுகளும் அங்கேயே இருந்தார். குழந்தைத் திருமணம் ராகுல் செய்த தவறு அல்ல. ஆனால், அவர் தப்பித்துக்கொண்ட அந்தக் கட்டிலிருந்து அந்தப் பெண்ணால் தப்பிக்க முடியவில்லை. பின்னாளில் ரஷ்யாவில் மணந்த மனைவியையும் மகனையும் விட்டு 1947-இல் அவர் இந்தியா திரும்பினார். சுதந்திரமாகத் திரிபவரின் பின்னால் வீட்டில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இரவு வேலை முடிந்து வந்து என்னிடம் கேள்வி கேட்ட அம்மாவை நினைத்தபோது, இந்தப் பகுதியை என்னால் வேகமாகக் கடந்துவிட முடியவில்லை.

துறவைக் கைவிட்டு, விவசாயிகளின் போராட்டங்களில் இறங்கிய ராகுல் மீண்டும் சிறை சென்றார். 1942-இல் சிறையில் இருந்தபோதுதான் 'வால்காவிலிருந்து கங்கை வரை' உருவானது. லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். மத்திய ஆசிய வரலாறு குறித்த நூலுக்காக 1958-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். பட்டம் எதுவும் இல்லாத இவரை இலங்கையின் வித்தியாலங்காரப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1961-இல் நோயால் நினைவாற்றலை இழந்தார். பல மொழிகள் குடியிருந்த மூளை அமைதியானது. 1963 ஏப்ரல் 14-ஆம் நாள், இமயத்தின் மடியில், டார்ஜிலிங்கில் காலமானார்.

ஊர்சுற்றிகளுக்கு ஒரு கையேடு

1940களின் இறுதியில் ராகுல் இளைஞர்களுக்காகவே ஒரு நூல் எழுதினார். தமிழில் அது 'ஊர்சுற்றிப் புராணம்' என்று வந்திருக்கிறது. பெயரைப் பார்த்து, வீட்டை விட்டு ஓடச் சொல்லும் நூல் என்று நினைத்துவிடாதீர்கள். கல்வியும் வயதும் பற்றி அதில் தனி அத்தியாயம் இருக்கிறது. போகுமிடத்தில் சொந்தக் காலில் நிற்க ஒரு கைத்தொழில் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார். பெண்களும் ஊர் சுற்ற வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே தனி அத்தியாயம் எழுதியிருக்கிறார். தாத்தாவின் தலைமுறை அதைப் படித்ததோ இல்லையோ, பேத்தி படித்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் நாம் ராகுலிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. மாறுவேடத்தில் எல்லை கடப்பது இன்று குற்றம். மாட்டிக்கொண்டால் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள். திபெத்துக்குப் போக விரும்பும் வெளிநாட்டவர் இன்றும் தனி அனுமதிச்சீட்டு பெற்று, பதிவு பெற்ற நிறுவனத்தின் ஏற்பாட்டில்தான் போக முடியும். லடாக்கிலும் எல்லையோரப் பகுதிகளுக்கு வெளிநாட்டவர் தனி அனுமதி வாங்க வேண்டும். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்கு இந்திய விசாவும் தேவை. ராகுலுக்கு அனுமதி பெற நேர்வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. அவர் காட்டிய அக்கறையில் பாதியைக் காட்டினாலே போதும்.

நாங்கள் நால்வரும் மறுபடி திட்டம் போட்டிருக்கிறோம். இந்த முறை மூன்று வாரத்தில் அல்ல, ஒன்றரை ஆண்டில். முதலில் நம் ஜெராய் மலை, 1,217 மீட்டர். மாதம் ஒரு முறை சுமையோடு ஏறி இறங்குகிறோம். அடுத்து சபாவின் கினபாலு, 4,095 மீட்டர். அங்கே உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அதற்கு மேல். ஆஸ்துமா உள்ள தோழி மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வாள். அவளால் வர முடியாவிட்டால் இடத்தை மாற்றிக்கொள்வது என்று மற்ற மூவரும் பேசி வைத்திருக்கிறோம். லே சேர்ந்ததும் முதல் இரண்டு நாட்கள் எங்கும் போகாமல் ஓய்வு. முன்பணம் கேட்கும் எவரையும் பதிவு எண் பார்த்து, அலுவலக முகவரியைச் சரிபார்த்த பிறகே நம்புவோம். லடாக்கி மொழியில் இதுவரை கற்றது ஒரே ஒரு சொல்தான்: ஜூலே. வணக்கம், நன்றி, போய்வருகிறேன் மூன்றுக்கும் அதுவே போதும். ஆனால், அதோடு நிறுத்துவதாக இல்லை.

எவரெஸ்ட் சிகரத்தை 1997 மே 23-ஆம் நாள் மலேசியாவின் சார்பில் முதலில் தொட்ட மகேந்திரனும் மோகனதாசும் நம்மவர்கள்தாம். அந்த ஒரு நாளுக்குப் பின்னால் நீண்ட காலப் பயிற்சி இருந்தது. மலை என்பது நமக்கு எட்டாத ஒன்று என்று தோட்டத்துப் பிள்ளைகள் யாரும் நினைக்க வேண்டியதில்லை. தயாரில்லாமல் போவதுதான் தவறு.

உங்கள் குழுவும் எங்காவது புறப்படுவதாக இருந்தால், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதுங்கள். எதற்காகப் போகிறோம்? அங்கே நம்மை அனுமதிப்பது யார்? அங்குள்ளவர்களோடு எப்படிப் பேசுவோம்? நம் உடம்பு அந்த இடத்தைத் தாங்குமா? நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு, அந்தத் தாளை வீட்டில் உள்ளவர்களிடம் காட்டுங்கள்.

எங்கள் தாளை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால், குளிர் எத்தனை பாகை என்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டு, கம்பளி உள்ளாடை வாங்கியாயிற்றா என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.